பளிங்கில் கறையா, மஞ்சளா, விரிசலா? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

வீட்டுக்குள் ஆசையாகப் பதித்த கல்லில் ஏதாவது தென்பட்டால் முதலில் எழும் பேச்சு, "கல் சரியில்லை" என்பதுதான். பெரும்பாலும் கல் தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சமையல் மேடைக்குத் தேர்ந்தெடுத்தது யார், அடிச்சாந்து காயும் முன்பே சீலர் என்ற கறைத்தடுப்புப் பூச்சைப் பூசியது யார், எந்தப் பசையால் ஒட்டினார்கள் என்று விசாரித்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். என்னைக் கேட்டால், கல்லைத் தேர்ந்தெடுப்பது என்பது அது எப்படிக் கெடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, அதற்குச் சம்மதிப்பதுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சோதனை, சரிசெய்யும் வழி ஆகியவற்றோடு, வாங்கும்போது என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதும் வருகிறது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

முதலில், அது என்ன கல்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்தையும் தொட வேண்டாம். வணிகப் பெயர்களை நம்ப முடியாது. பச்சை மார்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி செர்பென்டைன் என்ற வேறு வகைக் கல். குவார்ட்சைட் என்று சொல்லித் தரப்படும் சில வெள்ளைக் கற்கள் உண்மையில் டாலமைட் என்ற கனிமத்தாலான பளிங்கு. ஐரோப்பாவில் ஈஎன் 12440 என்ற தரநிலை, கல்லின் வழக்குப் பெயரோடு அதன் பாறை வகை, நிறம், எடுக்கப்பட்ட இடம் ஆகியவற்றையும் குறிப்பிடச் சொல்கிறது. எங்கே வாங்கினாலும் இதே தகவல்களைக் கேட்டு வாங்கலாம். விற்பவர் திணறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

பதித்து முடித்த கல்லில் பெயர்ச்சீட்டு இருக்காது. மிச்சத் துண்டு ஒன்று இருந்தால் இரண்டு சோதனைகள் செய்யலாம். துண்டின் கூரான முனையால் பழைய கண்ணாடிச் சில்லு ஒன்றில் அழுத்திக் கீறுங்கள். பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன், ஓனிக்ஸ் எல்லாம் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் குடும்பம். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 3 அளவில் நிற்பவை. கண்ணாடி சுமார் 5.5 என்பதால் அவை அதைக் கீறாது, வெள்ளைப் பொடியாக இழுபடும். கிரானைட்டிலும் குவார்ட்சைட்டிலும் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அது கண்ணாடியில் பள்ளம் போட்டுவிடும். அடுத்து, துண்டின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கையுறையோடு. நுரைத்துப் பொங்கினால் கால்சைட். சும்மா இருந்தால், அதே இடத்தைச் சுரண்டிப் பொடியாக்கி மறுபடி விடுங்கள். இப்போது மெல்ல நுரைத்தால் டாலமைட். எதுவுமே நடக்காவிட்டால் சிலிகா சார்ந்த கல்.

கடைக்குப் போகிறவர்கள் கண்ணாடிச் சில்லை எடுத்துப் போகக் கூச்சப்படத் தேவையில்லை. பெரிய தொகைக்கு வாங்குகிறீர்கள். ஒரு துண்டைக் கீறிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கோப்பை வைத்த இடத்தில் மங்கலான வட்டம்

துணியால் துடைத்தால் போகவில்லை. விளக்கின் பிரதிபலிப்பைச் சாய்வாகப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு இல்லை. நிறமோ கல்லின் நிறமேதான். இது கறை கிடையாது. அமிலம் தின்ற தழும்பு. எலுமிச்சைச் சாறு, வினிகர், ஒயின், தக்காளி, கழிவறை கழுவும் அமிலம், எதுவானாலும் பளிங்கிலுள்ள கால்சியம் கார்பனேட்டைத் தொட்ட உடனே கரைத்து, கரியமில வாயுவாக வெளியேற்றிவிடும். போனது கல்லின் மேல்தோல். அதனால் எந்தச் சுத்திகரிப்பானும் அதைத் திரும்பக் கொண்டுவராது. இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம் என்று கடுமையான திரவத்தை ஊற்றுகிறவர்கள் சின்ன வட்டத்தைப் பெரிய வட்டமாக்குகிறார்கள்.

"சீலர் போட்டிருந்தோமே?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஊடுருவும் சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் போய், எண்ணெயும் நீரும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். மேற்பரப்பில் அமிலம் படுவதைத் தடுக்கும் வேலை அதற்கு இல்லை. இதைச் சொல்லாமல் சீலரைச் சர்வரோக நிவாரணியாக விற்பது இந்தத் துறையின் பழைய பொய்.

சரிசெய்வது கல்லின் மேற்பரப்பு முடிவைப் பொறுத்தது. பளபளப்பான கல்லில் லேசான தழும்பு என்றால் பளிங்குக்கான பாலிஷ் பவுடரைச் சில சொட்டுத் தண்ணீரோடு, ஈர ஃபெல்ட் துணியில் வைத்து வட்டமாகத் தேய்க்கலாம். விரல் நுனியால் தடவும்போது சொரசொரப்போ பள்ளமோ தெரிந்தால் பவுடர் போதாது. வைரத் தேய்ப்பு வட்டுகளால் 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக ஏற வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. அந்த ஓர் இடத்தை மட்டும் கைக்கருவியால் அழுத்தித் தேய்த்தால் குழி விழுந்து, ஒளி வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கும்போது யோசித்திருக்க வேண்டியது: சமையல் மேடையில் பளிங்கு வேண்டும் என்றால் பளபளப்பு ஏற்றாமல் மழமழவென்று நிறுத்திய பரப்பு, அதாவது ஹோன்ட் முடிவு, நல்லது. தழும்பு அதிலும் விழும். ஆனால் மங்கலுக்குள் மங்கல் கண்ணில் படாது. தழும்பே கூடாது என்று உறுதியாக இருப்பவர்கள் கிரானைட்டுக்கோ உண்மையான குவார்ட்சைட்டுக்கோ போய்விடுவது மன நிம்மதி. டாலமைட் பளிங்கு நடுவில் நிற்கும். அமிலம் அதை மெதுவாகத்தான் தின்னும், ஆனால் தின்னும்.

கருத்த திட்டு, எண்ணெய் வட்டம், காபிக் கறை

இங்கே பளபளப்பு அப்படியே இருக்கும். நிறம் மட்டும் மாறியிருக்கும். அதாவது ஏதோ உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே துடைத்துப் பயனில்லை, உள்ளே போனதை வெளியே இழுக்க வேண்டும். அதற்குப் பற்றுப் போடுவதுதான் முறை.

உறிஞ்சும் பொடி ஒன்று வேண்டும். சீனக்களிமண், சுண்ணக்கட்டிப் பொடி, அவசரத்துக்குச் சமையல் சோடா, எதுவும் ஆகும். அதைக் குழைக்கும் திரவம் கறையின் வகையைப் பொறுத்தது. எண்ணெய், முக அலங்காரக் களிம்பு, மெழுகு என்றால் அசிட்டோன். காபி, தேநீர், ஒயின், இலைச்சாறு என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. கறுப்புக் கல்லில் பெராக்சைடு வேண்டாம், வெளுத்துவிடலாம். பேனா மை வெள்ளைக் கல்லில் என்றால் பெராக்சைடு, கறுப்புக் கல்லில் என்றால் அசிட்டோன். தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையைத் தாண்டி விரலகலம் வெளியேயும் படரும்படி அரை சென்டிமீட்டர் கனத்தில் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை நாடாவால் ஒட்டி, நடுவில் ஊசியால் சில துளைகள் போடுங்கள். 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை விடலாம். கறையை இழுப்பது கலவையின் ஈரம் இல்லை. அது காய்வதுதான். ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுப்பவர்கள் பாதி மருத்துவத்தில் நிறுத்துகிறார்கள். பழைய எண்ணெய்க் கறை ஒரே பற்றில் போகாது; கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், மறுபடி போட வேண்டும். அசிட்டோன் எரியக்கூடியது, ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பை அணையுங்கள். பெராக்சைடையும் அசிட்டோனையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

துருக்கறை தனி வழக்கு. ஷேவிங் நுரை டப்பா, பூந்தொட்டியின் இரும்புத் தாங்கி, நாற்காலிக் காலின் ஆணி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கடையில் கிடைக்கும் பல துரு நீக்கிகள் அமிலம். துருவோடு பளிங்கையும் எடுத்துக்கொண்டு போகும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ளவை கிரானைட்டையும் விடாது, கையையும் விடாது. கல்லுக்கென்றே அமிலம் இல்லாமல் வரும் துரு நீக்கிகள் இருக்கின்றன. இரும்போடு வினைபுரியும்போது ஊதா நிறமாக மாறும், நாற்றமும் அடிக்கும். அவற்றையே கேளுங்கள்.

உங்கள் கல் எவ்வளவு குடிக்கும் என்பதை வாங்கும்போதே பார்த்துவிடலாம். மாதிரித் துண்டில் தண்ணீர் ஒரு சொட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு 15 நிமிடம் காத்திருந்து துடையுங்கள். நிழல் படிந்தால் சீலர் கட்டாயம். காகிதத்தில் வேண்டும் என்றால், ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி97 முறையில் நீர் உறிஞ்சும் அளவைக் கேளுங்கள். அமெரிக்கத் தரநிலை பளிங்குக்கு அதிகபட்சம் 0.20 விழுக்காடும், கிரானைட்டுக்கு 0.40 விழுக்காடும் வைத்திருக்கிறது. பளிங்குதான் அதிகம் குடிக்கும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை.

சீலர் பூசிய மறுநாள் புகை படிந்தது போல

உள்ளே போகாமல் மேலே தங்கிய மிச்ச சீலர் காய்ந்துவிட்டது. அதே சீலரை மெல்லியதாக மறுபடி தடவினால் பழையது இளகும். உடனே உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். அடர்த்தியான கிரானைட்டுக்குத் தேவையே இல்லாமல் சீலர் பூசும்போதுதான் இது அதிகம் நடக்கிறது.

வெள்ளைப் பளிங்கு மஞ்சளாகிறது

இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நோய். மஞ்சள் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

தரை முழுக்க, நடமாடும் இடத்தில் மட்டும் அழுக்கு மஞ்சள் என்றால், மேலே படிந்த மெழுகும் பழைய பூச்சும் அழுக்கைப் பிடித்துவைத்திருக்கின்றன. அமிலம் இல்லாத பூச்சு நீக்கியால் ஒரு சதுர அடியைச் சுத்தம் செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நடமாட்டமே இல்லாத மூலையிலும் கல்லுக்குள்ளிருந்து கிளம்பும் மஞ்சளும் பழுப்பும் வேறு கதை. வெள்ளைப் பளிங்கில் நுண்ணிய அளவில் இரும்பு இருக்கும். இத்தாலியின் கராரா பளிங்கின் சாம்பல் வரிகளில் பைரைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள் சாதாரணம். ஈரமும் காற்றும் சேரும்போது அந்த இரும்பு துருப்பிடிக்கிறது. குளியலறைத் தரை, பூந்தொட்டியின் அடி, குழாய் கசியும் சுவர் என்று ஈரம் தேங்கும் இடத்தைச் சுற்றியே மஞ்சள் படர்ந்தால் இதுதான் காரணம்.

இங்கே குளோரின் பிளீச் ஊற்றுவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. அது இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து மஞ்சளை ஆழப்படுத்தும். முதல் மருந்து ஈரத்தை நிறுத்துவது. கசிவைக் கண்டுபிடித்து, கல்லையும் அடியையும் வாரக்கணக்கில் காயவிட வேண்டும். பிறகு இரும்புக்கான பற்று. கொஞ்சம் வெளிறும்; முழுக்கப் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் சந்தேகப்படுங்கள். இரும்பு கல்லின் உடம்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது வகை, ஜன்னலோரம் மட்டும் மஞ்சளாவது. துளைகளையும் பிளவுகளையும் நிரப்பிய எபாக்சி பிசின் வெயிலில் மஞ்சளாகும். வரிகளையொட்டிக் கோடு கோடாக மஞ்சள் ஏறினால் பிசினைச் சந்தேகியுங்கள். நான்காவது, பதித்த புதிதிலேயே பழுப்பு எழுவது. அடிச்சாந்தின் காரமான ஈரம் கல்லிலுள்ள கரிமப் பொருளைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. சுண்ணாம்புக் கற்களில் இது அதிகம். காயக் காய ஓரளவு தானே குறையும். வேலை நடக்கும்போது தரையைக் காப்பாற்ற ஒட்டுப்பலகையோ அட்டையோ நேரடியாகப் போட்டு, அதன்மேல் தண்ணீரும் கொட்டினால் மரச்சாயம் இறங்கும். அது தேநீர்க் கறைக்குச் சமம், பெராக்சைடு பற்று கேட்கும்.

தேர்வு செய்யும்போது: ஈர அறைக்குத் தூய வெள்ளைப் பளிங்கு என்பது ஆசைக்கும் அறிவுக்கும் நடக்கும் சண்டை. ஆசை வென்றால், சரியான நீர்த்தடுப்பும் வாட்டமும் வெள்ளைச் சிமென்ட் பசையும் அதன் விலையில் சேர்ந்தவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சாதாரணச் சிமென்டின் சாம்பல் நிறம் மெல்லிய வெள்ளைக் கல்லில் நிழலாகவும் தெரியும்.

ஓரங்கள் மட்டும் கருத்து, சட்டம் போட்ட படம் போல

இணைப்புகளில் வைத்த சிலிக்கான் பசையிலுள்ள எண்ணெய்த்தன்மை கல்லுக்குள் இறங்கிவிட்டது. மாதங்கள் போகப் போக அகலும். பசையை முழுக்க வெட்டி எடுத்து, அசிட்டோன் பற்றைப் பலமுறை போட வேண்டும். ஏஎஸ்டிஎம் சி1248 சோதனையில் தேறிய, கல்லில் கறை படியவிடாத நடுநிலை சிலிக்கானைத்தான் மறுபடி வைக்கலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பளிங்கின் பக்கமே வரக்கூடாது. அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுகிறது.

சிலிக்கானே இல்லாத இடத்தில் ஓரம் கருத்தால் அது தேங்கிய ஈரம். ஒரு கல்லின் மேல் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கட்டினால் ஈரம் கீழேயிருந்து வருகிறது.

வெள்ளைத் தூள், உதிரும் மேற்பரப்பு

ஓதம் ஏறிய தரையில் உப்புப் பூக்கிறது. சாந்திலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வருகிறது; தண்ணீர் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. துடைப்பத்தாலோ தூசு உறிஞ்சியாலோ உலர்வாக எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், வினிகரால் துடைத்தால் பளிங்கு போகும்.

புதிய தரை என்றால் பொறுமைதான் மருந்து. சில வாரங்களில் குறைந்துகொண்டே வந்து நிற்கும். குறையாமல் இருந்தால் நீர் வரும் வழியைத் தேட வேண்டும். இந்த நிலையில் அவசரப்பட்டுச் சீலரோ மெழுகோ பூசுவது பெரிய தவறு. வெளியேற வழியில்லாத உப்பு மேல்தோலுக்கு அடியிலேயே படிகமாகி, அந்த விசையில் கல்லைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். தூள் பூப்பது தொல்லை மட்டும். செதில் பெயர்வது சேதம். சேதமான கல்லுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நடைபாதை மட்டும் மங்கிப்போயிருக்கிறது

மணலில் இருப்பது குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. பளிங்கு, 3. செருப்பில் ஒட்டி வரும் மணல் ஒவ்வோர் அடிக்கும் கீறுகிறது. மெழுகு பூசி மறைக்கலாம், சில வாரத்துக்கு. முறையான தீர்வு வைர வட்டுகளால் மறு பாலிஷ். ஃபுளோரோசிலிகேட் திரவமும் எஃகுக் கம்பளியும் கொண்டு செய்யும் 'கிறிஸ்டலைசேஷன்' சீக்கிரம் பளபளக்கும். ஆனால் கீறலின்மேல் பளபளப்பு ஏறும், கீறல் போகாது. எஃகு இழை மிச்சமிருந்தால் துருப்புள்ளியும் வரும். வாசலில் உள்ளேயும் வெளியேயும் மிதியடி, தினமும் உலர் துடைப்பம் ஆகியவற்றைவிடப் பயனுள்ள பராமரிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே தரையில் பளிங்கையும் கிரானைட் பட்டையையும் கலந்து பதிக்க ஆசைப்படுகிறவர்கள், மென்மையான கல் முதலில் தேய்ந்து பள்ளமாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரிசல்

எல்லாக் கோடும் விரிசல் கிடையாது. பளிங்கு பூமிக்குள் நசுங்கிப் பிறந்த கல்; அதில் இயற்கையான பிளவுக்கோடுகள் இருக்கும். அவை வரிகளின் போக்கில் வளைந்து போகும், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும், ஓரத்தில் சில்லுப் பெயர்ந்திருக்காது. பதித்த பிறகு உண்டான விரிசல் வரியைப் பொருட்படுத்தாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் ஏற்ற இறக்கம் தட்டுப்படும்.

அடுத்து, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பல கற்களைக் கடந்து ஒரே நேர்கோட்டில் ஓடினால் கல்லைத் திட்டாதீர்கள். அடியில் உள்ள கான்கிரீட் விரிந்திருக்கிறது, அல்லது அங்கே இருந்த கட்டுமான இணைப்பின் மேலேயே கல்லைப் பதித்திருக்கிறார்கள். கல்லை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி வரும். தளம் அசைவது நின்றதா என்று பார்த்து, இணைப்பைக் கல்வரை மேலே கொண்டுவந்து மென்பசையால் நிரப்ப வேண்டும், அல்லது இடையில் விரிசல் தடுப்புப் படலம் வைக்க வேண்டும். மரத்தாலோ இரும்பாலோ தாங்கிய தளமென்றால் வளைவும் காரணமாகலாம். பீங்கான் ஓட்டுக்கு, அதாவது டைலுக்கு, தளத்தின் வளைவு நீளத்தில் 360-இல் ஒரு பங்குவரை ஏற்கப்படுகிறது. இயற்கைக் கல்லுக்கு 720-இல் ஒரு பங்குதான். 3.6 மீட்டர் இடைவெளிக்கு வெறும் 5 மில்லிமீட்டர். ஓட்டுக்கென்று கட்டிய மேல்தளத்தில் பின்னால் மனம் மாறிப் பளிங்கு பதிப்பவர்கள் கணக்கு இங்கேதான் தவறுகிறது.

கற்கள் ஒன்றையொன்று முட்டிக் கூடாரம் போல எழும்பினாலோ சுவரோரம் சில்லுப் பெயர்ந்தாலோ கல் விரிய இடம் தரும் விரிவு இணைப்பு விடவில்லை என்று பொருள். அமெரிக்க டைல் துறைக் கையேடு வீட்டுக்குள் ஏறக்குறைய 7.5 மீட்டருக்கு ஒன்று வேண்டும் என்கிறது, நேர் வெயில் விழும் இடத்தில் 3.6 மீட்டருக்குள். அழகு கெடும் என்று இதை விட்டுவிடும் வடிவமைப்பாளர்கள் பலர். கூடாரம் இன்னும் அழகில்லை.

சமையல் மேடையில் தொட்டிக்காக வெட்டிய மூலையிலிருந்து கிளம்பும் விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த மூலையே. செங்கோணமாக வெட்டிய உள்மூலையில் விசை குவிகிறது. வளைவாக வெட்டியிருந்தால் பரவியிருக்கும். தொட்டிக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் குறுகிய பட்டையில் அடியில் கம்பி பதிப்பது வழக்கம். அது சாதாரண இரும்பாக இருந்தால், நீர் பட்டுத் துருவேறிப் பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். துருவேறாத எஃகோ கண்ணாடி இழைக் கம்பியோ என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

மயிரிழை விரிசலை நிறம் கலந்த எபாக்சியால் நிரப்பித் தேய்த்துவிடலாம், அசைவு நின்றிருந்தால் மட்டும்.

தட்டினால் வெற்றொலி

மரக்கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். "டொக்" என்று வெறுமையாக ஒலிக்கும் இடத்தில் அடியில் சாந்து இல்லை. ஐந்து உருண்டைப் பசை வைத்து அழுத்தி ஒட்டிய வேலை இது. இயற்கைக் கல்லின் அடியில் 95 விழுக்காடாவது பசை படிந்திருக்க வேண்டும். ஒலி மட்டும்தான், ஆட்டமோ விரிசலோ இல்லை, மேலே பாரமும் வராது என்றால் விட்டுவிடலாம். ஒவ்வோர் ஒலிக்கும் தரையைப் பெயர்ப்பவர்கள் நல்ல கல்லையும் உடைக்கிறார்கள். ஆடினால் எடுத்துப் பதிக்கத்தான் வேண்டும். துளையிட்டுப் பிசின் செலுத்துவது வெளிர்நிறக் கல்லில் நிழல் விட்டுப்போகக்கூடும்.

ஓரம் தூக்கிக்கொண்ட கல், வளைந்த பலகை

பச்சைக் கல் பதித்த சில மணி நேரத்திலேயே ஓரங்களைத் தூக்கிக்கொண்டதா? செர்பென்டைன் கற்கள் ஈரத்தால் வளையும். தண்ணீர் கலந்த சிமென்ட் பசையால் ஒட்டினால் அடிப்பக்கம் ஈரத்தை வாங்கி விரிய, மேற்பக்கம் அப்படியே இருக்க, கல் சுருட்டிக்கொள்ளும். எபாக்சி போன்ற தண்ணீரில்லாப் பசைதான் இதற்கு. வளைந்ததை அழுத்தி நேராக்க முடியாது.

வெள்ளைப் பளிங்கும் வளையும், ஆனால் காரணம் வேறு. கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் நீண்டு, அதற்குக் குறுக்கே சுருங்குகிறது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் மணிகளுக்கிடையே பிடி கொஞ்சம் தளர்கிறது. ஹெல்சிங்கியில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971-இல் திறக்கப்பட்ட ஃபின்லாண்டியா மண்டபத்தின் கராரா பலகைகள் இப்படி வளைந்து, 1990-களின் இறுதியில் மாற்றப்பட்டு, மாற்றியவையும் வளைந்தன. சிகாகோவின் ஆமோகோ கோபுரத்தில் சுமார் 43,000 பளிங்குப் பலகைகளைக் கழற்றி 1992-க்குள் கிரானைட் பொருத்தினார்கள். வீட்டுக்குள் இவ்வளவு நடக்காது. ஆனால் நெருப்பிடத்தைச் சுற்றியும், நாளெல்லாம் வெயில் காயும் ஜன்னல் மேடையிலும் மெல்லிய பளிங்கு வைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வளைவே இல்லாமல் இரண்டு கல்லுக்கிடையே படி தட்டினால் அது பதித்தவர் குறை. குறுகிய இணைப்பில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். சுவரோரம் மேலிருந்து விழும் விளக்கு அரை மில்லிமீட்டரையும் மலையாகக் காட்டும். குறை சொல்லும் முன் அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தரையில் உண்மையாகவே படி இருந்தால் பதித்த நிலையிலேயே முழுப்பரப்பையும் தேய்த்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பளிங்கின் மென்மை உதவும் அபூர்வ இடம் இது.

"நான் பார்த்த மாதிரி இதுவல்ல"

உள்ளங்கை அளவு மாதிரியைப் பார்த்துக் கல் வாங்குவது ஏமாற வழி. கலகாட்டா, ஸ்டாட்டுவாரியோ, அராபெஸ்காட்டோ என்ற வெள்ளைப் பளிங்குகள் எல்லாம் கராரா இருக்கும் அதே அபுவான் மலையில் கிடைப்பவை. ஒரே குவாரியிலும் ஒரு பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் வரியின் கனமும் பின்னணியும் மாறும். முழுப் பலகைகளை நிற்கவைத்துப் பாருங்கள். காய்ந்த நிலையிலும், தண்ணீர் தெளித்தும். ஈரத்தில் பிளவுக்கோடுகள் கருத்துத் தெரியும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் கல் பலவீனமானது என்பதால் ஒட்டியிருக்கலாம், வெறும் பாதுகாப்புக்காகவும் இருக்கலாம்; எதற்கு என்று கேளுங்கள். வீட்டில் பொருத்தப்போகும் அதே நிற விளக்கின் கீழ் பார்ப்பது இன்னும் முக்கியம், ஏனெனில் மஞ்சளொளியில் வெதுவெதுப்பாகத் தெரியும் கல் வெள்ளொளியில் சாம்பலாக நிற்கும்.

பிடித்த பலகைகளின் பாள எண்ணையும் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். புத்தகம் விரித்தது போல வரிகள் எதிரெதிரே அமைய வேண்டுமானால் அடுத்தடுத்த எண்கள் கட்டாயம். வெட்டும் முன் பலகைகளின் படத்தின்மேல் வெட்டுக் கோடுகளைப் போட்டு, நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பதிக்கும் முன் பசையில்லாமல் தரையில் பரப்பிப் பார்க்கவும் வேண்டும். பதித்த பிறகு கிளம்பும் வரிப் பொருத்தப் புகாருக்கு மருந்தில்லை.

கறுப்புக் கல் வெளுக்கிறது, தரை வழுக்குகிறது

வெள்ளைத் துணியில் அசிட்டோனை நனைத்துத் துடையுங்கள். துணி கருத்தால் சாயமேற்றிய கல். உண்மையான கறுப்புக் கிரானைட் துணிக்கு எதையும் தராது. கறுப்புப் பளிங்கு வெளுத்தால் சாயம் இல்லாமலும் இருக்கலாம். அதன் கருமை கரிமப் பொருளால் வந்தது, அமிலமும் வெயிலும் அதைக் குறைக்கும்.

வழுக்கல் பளபளப்பின் உடன்பிறப்பு. ஈரத்தில் நடக்கும் உட்தளத்துக்கு இயங்கு உராய்வுக் கெழு (தரை காலை வழுக்காமல் பிடிக்கும் அளவு) 0.42-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவு. பளபளப்பான பளிங்கு ஈரத்தில் பெரும்பாலும் இதை எட்டாது. குளியலறைக்கு ஹோன்ட் அல்லது தோல்போன்ற முடிவுள்ள கல்லும், நிறைய இணைப்புக் கோடுகள் விழும் சிறிய துண்டுகளும் பாதுகாப்பு.

ஒரே ஒரு கல்லை மட்டும் மாற்றும்போது

முதல் நாளே 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாக வாங்கி, மிச்சத்தை வெயில் படாத இடத்தில் நிற்கவைத்திருந்தால் இந்த வேலை எளிது. இல்லாவிட்டால், அலமாரிக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ உள்ள கல்லை எடுத்து நடுவில் பதித்து, புதியதை மறைவிடத்தில் வையுங்கள். உடைந்த கல்லைப் பெயர்க்கும்போது நான்கு பக்க இணைப்பையும் முதலில் வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் உளி வைத்தால் பக்கத்துக் கல்லும் போய்விடும். வெட்டுவதை வீட்டுக்குள் உலர்வாகச் செய்ய விடாதீர்கள். குறிப்பாகக் கிரானைட், குவார்ட்சைட் தூளிலுள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். இதே தூளின் ஆபத்தால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளைத் தடை செய்தது. தண்ணீர் விட்டு, வெளியே வைத்து, முகக்கவசத்தோடு வெட்டச் சொல்லுங்கள்.

பதித்த புதிய துண்டு சுற்றியுள்ளதைவிடப் பளிச்சென்று தெரியும். அதை மங்கவைக்க முயல்வதைவிட, அந்த அறை முழுவதையும் ஒருமுறை மறு பாலிஷ் செய்துவிடுவதே சரி. அதற்கு முன் அடிப்பசை காய வேண்டும். பிளாஸ்டிக் தாள் சோதனையில் நீர்த்துளி கட்டாத நாள்வரை பாலிஷும் வேண்டாம், சீலரும் வேண்டாம்.